ஒரு கிணறு, மூன்று வாக்குகள்

நாற்பத்தாறு வயது மகனைக் கன்னத்தில் அறைந்துவிட்டு, மேஸ்திரி தொட்டிக்குப் போய்க் கை கழுவினார்.

காலை ஏழு மணி இருக்கும். எலுமிச்சை பறிக்க வந்த ஆட்கள் ஏழெட்டுப் பேர் கூடைகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேர் கண்ணெதிரே விழுந்த அறை அது. குற்றம் பெரிதொன்றுமில்லை. மூத்தவன் மோட்டாரை நிறுத்த மறந்து டீ குடிக்கப் போய்விட்டான். வாய்க்கால் நிரம்பி, தண்ணீர் பாதையில் ஓடிக்கொண்டிருந்தது.

"கிணத்துல உன் மாமனாரா வந்து தண்ணி ஊத்திட்டுப் போறாரு?" என்றார் மேஸ்திரி, ஈரக் கையை உதறிக்கொண்டே.

மூத்தவன் கன்னத்தைத் தடவிக்கொள்ளக்கூட இல்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலை அடைக்கப் போனான். பறிக்க வந்தவர்களில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், "தோளுக்கு மேல வளர்ந்தா தோழன்னு சொல்லுவாங்க. இங்க பேரப்பிள்ளை எடுக்கிற வயசுலயும் அடிதானா?" என்று முணுமுணுத்தாள். அது மேஸ்திரியின் காதில் விழுந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை, உள்ளுக்குள் ஒரு பெருமைதான். எழுபத்து மூன்று வயதில் பிள்ளையை அறைய முடிகிறது, அவனும் வாங்கிக்கொண்டு போகிறான் என்றால் சும்மாவா?

மேஸ்திரி கையூன்றிக் கரணம் பாய்ந்து மேலே வந்தவர். கூலிக்குக் கிணறு வெட்டப் போய், பிறகு கட்டட வேலைக்கு மாறி, மேஸ்திரியாகி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பதினெட்டு ஏக்கர் வாங்கியவர். அதில் நடுவே இருக்கும் நாலு ஏக்கருக்குக் கிணற்றுக் காடு என்று பெயர். அங்கிருக்கும் கிணற்றை அவரே இறங்கிப் பாறை உடைத்து வெட்டினார். எந்தக் கோடையிலும் அது வற்றியதில்லை. மற்ற பதினாலு ஏக்கரும் அதன் தண்ணீரை நம்பித்தான் இருந்தன. கிணற்றுக் காடு யார் கையிலோ, மற்றவர்களின் குடுமி அவர் கையில். இது மேஸ்திரிக்கும் தெரியும், அவர் பெற்ற மூன்று பேருக்கும் தெரியும்.

மூத்தவன் முப்பது வருஷமாக அந்த மண்ணிலேயே உழைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அடுத்தவள் மகள். கணவன் இறந்தபின் ஒரு பெண்குழந்தையை வைத்துக்கொண்டு டவுனில் தையல் ஆலை வேலைக்குப் போனாள். சட்டைக் காலர் தைப்பதில் அந்தக் கூடத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. கடைக்குட்டி சொந்தமாக லாரி வைத்து ஓட்டினான். எல்லோரும் அவனை லாரிக்காரன் என்றே கூப்பிட்டார்கள்.

மூன்று பேருக்கும் மேஸ்திரி ஒரே வாக்கைத் தனித்தனியாகக் கொடுத்திருந்தார்.

மூத்தவனை என்றைக்காவது பலமாக அடித்துவிட்டால், மறுநாள் கிணற்று மேட்டுக்குக் கூப்பிட்டு அவன் தலையில் கைவைத்து, "கிணத்துக் காடு உனக்குத்தான்டா. நீதானே பாடுபடுற? யார்கிட்டயும் மூச்சு விடாத" என்பார். லாரிக்காரனோடு எங்காவது போகும்போது, முன் இருக்கையில் சாய்ந்துகொண்டு, "அவனுக்கு என்னடா தெரியும், மண்ணைக் கொத்தத்தான் தெரியும். கிணத்துக் காடு உன் பேருக்குத்தான்" என்பார். போன வருஷம் நெஞ்சு வலியில் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்து மலஜலம் எடுத்தவள் மகள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கிணத்துக் காடு உனக்குத்தாம்மா. ஆம்பளப் பசங்களுக்கு மத்தது போதும்" என்றார்.

மூன்று பேரிடம் சொல்லும்போதும் அவர் கண் கலங்கியது. அதுதான் வேடிக்கை.

இதற்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. அது பொய்யான பயம் இல்லை. பக்கத்து நிலத்துப் பால்காரர் இருந்ததையெல்லாம் மகன்கள் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசி இரண்டு வருஷம் மாட்டுக் கொட்டகையில் படுத்திருந்து செத்தார். அவரைத் தூக்கிப் போட்டவர்களில் மேஸ்திரியும் ஒருவர். எலும்பும் தோலுமாக, உடம்பில் கனமே இல்லை. அன்றைக்கு முடிவெடுத்தார்: மூச்சு இருக்கும்வரை பத்திரம் தன் பெட்டியில்தான் இருக்கும். யாருக்கு எது என்று எவனுக்கும் தெரியக் கூடாது.

"எழுதி வெச்சுடுங்க மேஸ்திரி. உங்களுக்கும் ஒரு பங்கு வெச்சுக்கிட்டே பிரிக்கலாம், அதுக்கு வழி இருக்கு" என்று அவருடைய வக்கீல் பலதடவை சொல்லிப் பார்த்தார்.

"எழுதிட்டா எவன் என்னை மதிப்பான்? இலை போட்டுட்டுச் சோறு போடாம இருந்தாத்தான் வக்கீலே, பந்தியில உக்காந்தவன் எழுந்து போக மாட்டான்" என்று சிரித்தார் மேஸ்திரி.

பந்தியில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போகவில்லைதான். ஆனால் ஒருவரையொருவர் கடித்துக் குதற ஆரம்பித்தார்கள். லாரிக்காரன் ஒருநாள் வண்டியைத் திருப்புகிற சாக்கில், அண்ணன் நட்டிருந்த நாற்பது எலுமிச்சைக் கன்றுகளின் மேல் ஏற்றினான். மூத்தவன் தம்பி வீட்டுக்குப் போய் ஜன்னல் கண்ணாடிகளை ஒன்று விடாமல் உடைத்துவிட்டு வந்தான். இரண்டு பேரும் சேர்ந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான்: அக்காளோ தங்கையோ, கட்டிக்கொடுத்து அனுப்பியவளுக்கு நிலத்தில் என்ன வேலை? அவள் அப்பாவைப் பார்க்க வந்த ஒரு நாள், மூத்தவன் வாசலிலேயே மறித்து, "வர்றது அப்பாவுக்காகவா, அப்பன் சொத்துக்காகவா?" என்று கேட்டுப் பிடித்துத் தள்ளினான். அவள் கதவு நிலையில் மோதி நெற்றி புடைத்தது.

எல்லாச் சேதியும் மேஸ்திரிக்கு வந்தது. அவர் யாரையும் கண்டிக்கவில்லை. தனக்காக இத்தனை அடிதடி நடக்கிறது என்று எண்ணிக்கொண்டார். ஒரு விதத்தில் அது அவருக்கு இனித்தது.

பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல், "சரி, அளந்து பிரிச்சுடலாம்" என்று ஒருநாள் அறிவித்தார். பிரிக்கிற எண்ணம் ஒன்றும் கிடையாது. அளக்கிறேன் என்று சொல்லியே இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம் என்பது கணக்கு. சர்வேயருக்குச் சொல்லி அனுப்பினார்.

குறித்த நாளில் காலை பத்து மணிக்கு மேஸ்திரியோடு மூன்று பேரும் கிணற்று மேட்டில் நின்றார்கள். சர்வேயர் ஒல்லியான மனிதர். அளக்கும் கருவியை முக்காலியில் நிறுத்திவிட்டு, லாரிக்காரன் ஓட்டி வந்த வண்டியின் பானட் மேல் வரைபடத்தை விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தார். குடும்பக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார்.

"கிணத்துக் காடு யார் பங்குங்க? அதை முதல்ல சொல்லிட்டா, அங்கேர்ந்து மத்த எல்லையெல்லாம் போட்டுடலாம்."

"எனக்கு."

மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் ஒலித்தன. சொல்லிவிட்டு மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"உனக்கு யாரு சொன்னது?" என்றான் மூத்தவன் தம்பியிடம்.

"அப்பா சொன்னாரு. என் வண்டியில உக்காந்துக்கிட்டே சொன்னாரு. ஒரு தடவை இல்ல, பத்துத் தடவை."

"எனக்கு ஆஸ்பத்திரியில சொன்னாரு" என்றாள் மகள். அவள் குரல் இறங்கியது.

"எனக்கு இதே இடத்துல நின்னு சொன்னாரு" என்றான் மூத்தவன். "என் தலையில கை வெச்சு சொன்னாரு."

மூன்று தலைகளும் அப்பாவின் பக்கம் திரும்பின. அந்தக் கணத்தில் மேஸ்திரி ஒரே ஒரு உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். "தப்புப் பண்ணிட்டேன், உக்காருங்க, பேசலாம்" என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. பிடிபட்டுவிட்ட கூச்சத்தை மறைக்கச் சத்தமாகச் சிரித்தார்.

"ஆமாண்டா, மூணு பேருக்கும்தான் சொன்னேன். அதுக்கு என்ன இப்போ? எவன் என்னை ஒழுங்கா பாத்துக்கிறானோ அவனுக்கு. ரொட்டியைக் காட்டினாத்தானே நாய் வாலாட்டும்?"

சர்வேயர் வரைபடத்தைச் சுருட்டத் தொடங்கினார். இந்த மாதிரிச் சிரிப்புக்குப் பிறகு என்ன வரும் என்று அவருக்கு அனுபவம் உண்டு.

லாரிக்காரன் அண்ணனைப் பார்த்து, "கேட்டியா? முப்பது வருஷமா அறை வாங்கிக்கிட்டு நல்லா ஆட்டினே வாலை" என்றான்.

மூத்தவனின் முஷ்டி அவன் மூக்கில் விழுந்தது. லாரிக்காரன் பின்னால் சாய்ந்து வண்டியில் மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் சட்டையில் கொட்டியது. கதவைத் திறந்து சக்கரம் கழற்றுகிற ஸ்பேனரை உருவினான். "வேணாம்டா தம்பி!" என்று மகள் கத்துவதற்குள் அது அண்ணன் தாடையில் இறங்கிவிட்டது. எலும்பு முறிகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மூத்தவன் வாய்க்கால் சேற்றில் குப்புற விழுந்தான். இரண்டு பற்களைத் துப்பினான். எழுந்தபோது, வாய்க்கால் ஓரத்தில் சாத்தியிருந்த மண்வெட்டி அவன் கையில் இருந்தது.

தம்பியை வெட்டத்தான் போகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். லாரிக்காரனும் ஸ்பேனரை ஓங்கிக்கொண்டு தயாராக நின்றான். மூத்தவன் அவனைத் தாண்டி நடந்தான். நேரே அப்பாவின் முன்னால் போய் நின்றான்.

"அறைங்க" என்றான். உடைந்த தாடையில் சொல் குழறியது. "இப்ப அறைங்க பாக்கலாம்."

மேஸ்திரி பழக்கதோஷத்தில் கையை ஓங்கினார். மகனின் கண்ணைப் பார்த்தார். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. மண்வெட்டி மகனின் தலைக்கு மேலே உயர்ந்தது. அவர் கழுத்தை நோக்கித்தான் அது இறங்கியது.

நடுவே வந்தது மகளின் கை. அப்பாவை இடது கையால் தள்ளிவிட்டு, வலது கையை நீட்டித் தடுத்தாள். கூரான இரும்பைக் கையால் தடுக்க முடியுமா என்றெல்லாம் யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

முதலில் அவள் கத்தவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று விரல்கள் மண்ணில் கிடந்தன. அப்புறம்தான் ரத்தம் பீறிட்டது. அப்புறம்தான் அவள் கத்தினாள்.

மூத்தவன் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, சேற்றில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். லாரிக்காரன் அவன் மேல் பாய்ந்து முதுகிலும் தோளிலும் ஸ்பேனரால் மாறி மாறி அடித்தான். சர்வேயர்தான் பின்னாலிருந்து அவனைக் கட்டிப்பிடித்து, "வண்டியை எடுய்யா முதல்ல! அடிச்சுக்கிறதுக்கு நாளைக்கும் நேரம் இருக்கு. இந்தப் பொண்ணுக்கு இல்ல!" என்று கத்தினார். தன் துண்டைக் கிழித்து அவள் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினார். கீழே கிடந்த விரல்களையும் அவர்தான் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்தார்.

லாரி ஆஸ்பத்திரிக்குப் போகிற முக்கால் மணி நேரமும் மகளின் தலை மேஸ்திரியின் மடியில் கிடந்தது. அவர் உடம்பெல்லாம் அவள் ரத்தம். தன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை என்பதை வழியெல்லாம் உணர்ந்துகொண்டே வந்தார். கிணறு வெட்டியபோது பாறை சரிந்து இரண்டு பேர் செத்ததைக் கண்ணால் பார்த்தவர்தான். அன்றைக்குக்கூட இப்படி நடுங்கியதில்லை.

விரல்களை ஒட்டவைக்க முடியவில்லை. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிஞ்சின. போலீஸ் வந்து அண்ணன் தம்பி இருவரையும் கொண்டுபோனது. மூத்தவனுக்குக் காவலோடு தாடையில் கம்பி வைத்துக் கட்டினார்கள். ஆலையிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் பழங்களோடு வந்தார். ரொம்பவும் வருத்தப்பட்டுப் பேசினார். போகும்போது, "விரல் இல்லாம மெஷின்ல உக்கார வைக்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலாம் நாள் மூத்தவனின் மனைவி வந்தாள். நாத்தனாரின் கட்டுப்போட்ட கையைப் பார்த்து அழுதாள். பிறகு வராந்தாவில் உட்கார்ந்திருந்த மாமனாரிடம் வந்தாள். இருபது வருஷமாக அவர் முன்னால் குரல் உயர்த்தாதவள்.

"உங்க மகன் பண்ணது பாவம் மாமா. அதுக்கு அவரு ஜெயிலுக்குப் போகட்டும், நான் தடுக்கல. ஆனா ஒண்ணு கேக்கறேன். தினம் உங்ககிட்ட வாங்கின அறையை ராத்திரி வீட்டுக்குக் கொண்டுவந்து எனக்கும் என் பிள்ளைகளுக்கும் குடுப்பாரு. ஏன் பொறுத்துக்கணும்னு கேட்டா, கிணத்துக் காடு நமக்குத்தான், கொஞ்சம் பொறுன்னுவாரு. இருபது வருஷம் பொறுத்தேன். அது எங்களுக்கு இல்லேன்னு முதல் வருஷமே சொல்லியிருந்தா, நாங்க எங்கேயாவது கூலி வேலை செஞ்சு மனுசங்களா பிழைச்சிருப்போமே!"

பதிலுக்குக் காத்திராமல் அவள் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் மகள் தூக்கம் கலைந்து அவரைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. எங்க மூணு பேர்ல உண்மையிலேயே யாருக்குக் குடுக்கணும்னு மனசுல வெச்சிருந்தீங்க?"

பொய் வாய் வரை வந்தது. 'உனக்குத்தாம்மா' என்று சொன்னால் அவளுக்கு இந்த நேரத்தில் ஆறுதலாக இருக்கும். ஆனால் கட்டுக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த சுண்டுவிரல் அவரைச் சொல்லவிடவில்லை.

"யாருக்கும் இல்லம்மா" என்றார். "குடுக்கணும்னே நினைக்கல. நான் போற வரைக்கும் நீங்க மூணு பேரும் என் பின்னாடியே வரணும்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

"நீங்க ஒண்ணுமே குடுக்கலேன்னாலும் நான் வந்திருப்பேன்ப்பா" என்றாள். "அது உங்களுக்குத் தெரியாமயே போச்சு."

மேஸ்திரி அழுதார். அதற்கு முன்பு கண் கலங்கிய மாதிரி இல்லை. கட்டில் கம்பியில் முட்டிக்கொண்டு, மூக்கு ஒழுக, அசிங்கமாக அழுதார். வந்த நர்ஸ் அவரை வெளியே அழைத்துப் போக வேண்டியதாயிற்று.

மூன்று மாதம் கழித்து, மகன்கள் ஜாமீனில் வந்தபிறகு, வக்கீல் வீட்டில் பிரிவினைப் பேச்சு நடந்தது. மகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "அப்பா யாரையும் தனியா கூப்பிட்டுப் பேசக் கூடாது. எதைச் சொன்னாலும் மூணு பேருக்கும் கேக்கணும்." ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அண்ணனும் தம்பியும் எதிரெதிர் முனையில். இன்னும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. நடுவில் இரண்டு தடவை லாரிக்காரன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். இரண்டு தடவையும் அக்காள் அவனைப் பார்த்தாள். உட்கார்ந்துவிட்டான்.

பேசி முடிக்க ஐந்து தடவை உட்கார வேண்டியதாயிற்று. வீடும் மூன்று ஏக்கரும் மேஸ்திரியின் ஆயுள்வரை அவருக்கே. அவருக்குப் பின் ஆளுக்கு ஓர் ஏக்கர், வீட்டில் சம பங்கு. மீதி பதினைந்தில் ஆளுக்கு ஐந்து, மகளுக்கும் சேர்த்து. கிணறும் அதற்குப் போகிற பாதையும் எல்லோருக்கும் பொது. வாரத்தில் ஆளுக்கு இரண்டு நாள் தண்ணீர், ஏழாம் நாள் மேஸ்திரியுடையது. எல்லாவற்றையும் வக்கீல் எழுதி, உரக்கப் படித்துக் காட்டினார். படித்து முடித்ததும், "இவ்வளவுதானா? இதுக்கா?" என்றான் மூத்தவன், கோணிப்போன வாயால்.

பத்திரம் பதிகிற நாளில் அலுவலகத்தில் நல்ல கூட்டம். பெஞ்சில் மேஸ்திரிக்குப் பக்கத்தில் ஒரு மில் முதலாளி ஏதோ வேலையாக வந்து உட்கார்ந்திருந்தார். பேச்சு வாக்கில், "என்னங்க, உயிரோட இருக்கும்போதே பிரிக்கிறீங்க? எனக்கும் ரெண்டு பசங்க, ஒரு பொண்ணு. நான் கண்ணை மூடற வரைக்கும் எவனுக்கு என்னன்னு மூச்சு விடமாட்டேன். அப்பத்தான் பயம் இருக்கும்" என்றார்.

மேஸ்திரி வாய் திறப்பதற்குள் குமாஸ்தா மகளைக் கூப்பிட்டார்.

"வலது கை நாலு விரலையும் சேர்த்து இந்தக் கண்ணாடி மேல வைங்கம்மா."

"ஒண்ணுதான் சார் இருக்கு" என்றாள் அவள்.

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மூத்தவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் சுண்டுவிரலைக் கண்ணாடி மேல் வைத்தாள்.

"பாவம், மெஷின்ல அடிபட்டதா?" என்று கேட்டார் மில் முதலாளி மெதுவாக.

"இல்லீங்க. என் வாயால போனது" என்றார் மேஸ்திரி. ஆள் புரியாமல் விழிப்பதைப் பார்த்து, கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஒரே காட்டை மூணு பேருக்கும் ரகசியமா வாக்குக் குடுத்தேன். பயம் இருக்கும்னு நீங்க சொன்னீங்களே, அதேதான் நானும் நினைச்சேன். என் கழுத்துக்கு வந்த வெட்டு அது, அவ கையில வாங்கிக்கிட்டா. வீட்டுக்குப் போனதும் மூணு பேரையும் ஒண்ணா உக்கார வைங்க. பொண்ணை விட்டுடாதீங்க. உங்களுக்கு வேண்டியதை எடுத்து வெச்சுக்கிட்டு, மத்ததை எல்லார் காதும் கேக்க எழுதிக் குடுத்துடுங்க. நிலத்தைப் பிரிக்கிறது பாவமில்லீங்க. நிலத்தைப் பிரிக்காம வெச்சுக்கிட்டுப் பிள்ளைகளைப் பிரிக்கிறோமே, அதுதான் பாவம்."